புங்க மரத்துத் தெர்மாமீட்டரில் என் பொட்டு

வடக்குப்பட்டுப் பக்கம், எங்கள் பள்ளிக்கூடத்துப் புங்க மரத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. அதில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். அது என் பொட்டு. அந்தப் பள்ளியில் ஆயாவாக இருந்தவள் நான். என் பெயரைத் தவிர வேறு எழுத்து எனக்கு ஓடாது. ஆனால் நான் பெருக்கிய இடத்தில் ஒரு துரும்பு கிடந்ததாக யாரும் சொன்னதில்லை.

புவியியல் டீச்சர் திருநெல்வேலிக்காரர். பூமி சூடாவதைப் பத்தாம் வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, மரத்தை வெட்டிவிட்டு அங்கேயும் சிமெண்ட் போடலாம் என்றார் தலைமையாசிரியர். மரத்தால் என்ன குளிர்ச்சி என்று அளந்து காட்டினால் விட்டுவிடுவதாகவும் சொன்னார். டீச்சர் மரத்தடியில் ஒன்றும் சிமெண்ட் தரையை ஒட்டி ஒன்றுமாகத் தெர்மாமீட்டர் மாட்டினார். மதியம் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நின்றன. "மரம் போச்சு மிஸ்" என்று ஒரு பெண் அழவே தொடங்கிவிட்டாள். அவளுடைய தோழிதான் என் கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தாள்.

"மிஸ், ஆயாம்மா தரைக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறாங்க!"

டீச்சர் சிரித்துவிட்டார். "யக்கா, நாளைக்கு ஒரு நாள் ஊத்தாதீய."

"அதெப்டி டீச்சர்? புள்ளைங்க குந்தி சோறு துன்ற எடம். சுட்டா உங்க மீட்டரா எழுந்து ஓடும்?"

கடைசியில், அந்தப் பங்குனியிலேயே பிள்ளைகள் சாப்பிட உட்காராத ஒரு சனிக்கிழமை உச்சி வேளையில் அளப்பது என்று முடிவானது. ஆவல் தாங்காமல் நானும் போனேன். எண் தெரியாவிட்டால் என்ன, சிவப்புக் கோடு தெரியாதா? சிமெண்டில் அது விறுவிறுவென்று ஏறியது. மரத்தடியில் பாதியிலேயே நின்றுவிட்டது. தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மரம் பிழைத்தது. மரத்தடிக் கோடு நின்ற இடத்தில் என் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டினேன். அழுத பெண் அதன்மேல் டேப் ஒட்டினாள்.

"பூமி சூடாவுதுன்னு இதுல தெரியுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஒரு நாளைப் பாத்துச் சொல்லக் கூடாதுக்கா. வருசக்கணக்கா பாக்கணும்."

டீச்சர் மாறுதலில் ஊருக்குப் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றேன். ஆனாலும் ஒவ்வொரு பங்குனியிலும், கம்பெனி ஆட்களை ஏற்றிய ஷிப்ட் பஸ்கள் ஓயாமல் போகும் சாலையைக் கடந்து, அதே உச்சி வேளையில் போய்ப் பார்ப்பேன். ஒரு வருடம் கோடு பொட்டுக்குக் கீழேயே நின்றது. டீச்சருக்குப் போன் போட்டுக் கேலி செய்தேன். "விடாதீய, பாருங்க" என்றார். இப்போதெல்லாம் பொட்டைத் தாண்டித்தான் நிற்கிறது.

இந்தப் பங்குனியில் ஒரு சிறுமி கேட்டாள், "பொட்டை மேல ஏத்தி ஒட்டட்டா ஆயாம்மா?"

"தொட்டே, அவ்ளோதான்! அது நகராம இருந்தாத்தான்டி கோடு எங்க போச்சுன்னு தெரியும்."