முதலில் வந்த பெயர்

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக நான் சேர்ந்த முதல் வருடம் இது நடந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கொஞ்சம் கம்ப்யூட்டரும் படித்திருந்ததால், பள்ளிக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் அறையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

என்னோடு படித்த தோழி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். தம்போலா விளையாட்டுக்கு எண்களைக் குலுக்கி எடுக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தாள். நான் எண்களை எடுத்துவிட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைப் போட்டேன். ஒரு கீயைத் தட்டினால் திரையில் பெரிதாக ஒரு பெயர் வரும். அந்தப் பிள்ளை எழுந்து பதில் சொல்ல வேண்டும். தொடங்கும்போதெல்லாம் அது ஏதாவது ஓர் எண் கொடு என்று கேட்டு நின்றது. பிள்ளைகள் முன்னால் அது தொந்தரவாக இருக்குமே என்று அந்த வரியையும் நீக்கிவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு கணக்கு வகுப்பை அந்த அறையில் நடத்துவேன். முதல் வாரம் முதலில் வந்தது, கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணின் பெயர். வீட்டில் தமிழ் பேசுகிறவள், வகுப்பில் வாயே திறக்காதவள். அடுத்த வாரமும் முதலில் அவள்தான். அதற்கடுத்த வாரமும் அவள் பெயரே வந்தபோது, "கம்ப்யூட்டருக்கு உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்துத் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள ஹனூர் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். என்னைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார்.

"கம்ப்யூட்டர் கிளாஸ் இருக்கிற அன்னிக்குக் காலைல அவளுக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க. வயித்த வலிக்குதுன்னு படுத்துக்கறா. எம்புள்ள மேல உங்களுக்கு என்னங்க கோவம்?"

"நான் யாரையும் எடுக்கறதில்லை சார். மெஷின்தான் எடுக்குது."

"மெஷினுக்கு எம்புள்ளையத் தெரியுமாங்க? நீங்க சொன்னதத்தானே அது செய்யும்?"

தலைமை ஆசிரியை கன்னடத்தில், அதைப் போட்டுக் காட்டுங்களேன் என்றார். நானும் தைரியமாகத்தான் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரைப் போட்டு, கீயைத் தட்டினேன். அவள் பெயர். சிரிக்க முயன்றபடி அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் அவள் பெயர். அவள் அப்பா சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திரையில் இருந்த மகளின் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். என் தவறுதான் போலிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள், சரி செய்துவிடுகிறேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள்தான் நிர்வாகக் குழுவினர் இந்த வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. நாளைக்குள் சரியாகாவிட்டால் இதைக் காட்டவே வேண்டாம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். என் வேலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அந்த நினைப்பு மட்டும்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டைத் தொடாமல் எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடித் தோழிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"ஆரம்பத்துல ஒரு நம்பர் கேக்குமே, அதை என்னடீ பண்ணே?"

"தொந்தரவா இருந்துச்சுன்னு எடுத்துட்டேன்."

"போச்சு போ. சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போடறதே அந்த வரிதான். அது இல்லேன்னா எப்பப் போட்டாலும் அதே வரிசைதான் வரும்."

அந்த எண்ணைக் கம்ப்யூட்டரே தன் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதும் வழியையும் சொன்னாள். சாயங்காலம் அதைச் சேர்த்துவிட்டு, கை வலிக்கும்வரை போட்டுப் போட்டுப் பார்த்தேன். வேறு வேறு பெயர்கள் வந்தன. ஆனாலும் மனம் ஆறவில்லை.

மறுநாள் வகுப்புக்கு முன் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பு என்னோடதும்மா. சரி பண்ணிட்டேன். இனிமே உன்னையே கூப்பிடாது" என்றேன். தலையசைத்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

நிர்வாகக் குழுவினர் பின்னால் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கீயைத் தட்டினேன்.

அவள் பெயர்தான் வந்தது.

விரல் கீயின் மேலேயே இருந்தது. மறுபடி ஒரு தட்டு தட்டினால் வேறு பெயர் வந்துவிடும். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாற்றினால், தனக்காக மாற்றினேன் என்று அவளுக்குத் தெரியும். வகுப்புக்கும் தெரியும். விரலைக் கீயிலிருந்து எடுத்துவிட்டுக் கேள்வியை வாசித்தேன்.

அவள் மெல்ல எழுந்து வந்து போர்டில் கணக்கைப் போட்டாள். பாதியில் தப்பாகி நின்றாள். பின்னாலிருந்து யாரோ செருமினார்கள். அழித்துவிட்டு மறுபடி எழுதி, விடையைக் கொண்டுவந்துவிட்டாள். அதன்பிறகு எந்தெந்தப் பெயரோ வந்தது. எனக்கு ஒன்றும் நினைவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அவள் மட்டும் நின்றாள்.

"மிஸ், இன்னிக்கு நெஜமாவே குலுக்கித்தான் என் பேரு வந்துச்சா? இல்ல, இன்னும் சரியாகலையா?"

"நெஜமாத்தான் வந்துச்சு. வேணும்னா நீயே போட்டுப் பாரு."

என் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ வந்தார்கள். கடைசியில் எழுந்துகொண்டு, "அப்படீன்னா பரவாயில்ல மிஸ்" என்றாள். முகம் தெளிந்திருந்தது. பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

என் வேலை நிலைத்தது. இத்தனை வருடங்களில் எத்தனையோ பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் நின்றால், இன்றைக்கும் எனக்கு அடுத்த கேள்வி வாயில் வருவதில்லை.