ஏறாத தவணை

லேத் பட்டறைக்காரருக்கு மயிரிழை பிசகினாலும் ஆகாது. எந்த இரும்பையும் மூன்று தடவை அளக்காமல் கையை விட்டு அனுப்பமாட்டார். அப்பேர்ப்பட்டவர், பத்தொன்பது வருஷமாக வீட்டுக் கடன் கட்டியும், பாங்க் அனுப்பிய தாளில் தவணைத் தொகையைத் தவிர எதையும் படித்ததில்லை. "வட்டி எவ்வளவு ஏறினாலும் என் தவணை ஒரு காசு ஏறல!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

அடுத்த வருஷம் கடன் முடியும் என்ற தெம்பில், கடைசித் தேதியைக் கேட்கப் பாங்குக்குப் போனார்.

"இன்னும் ஆறு வருஷம் இருக்கு சார்" என்றாள் அங்கிருந்த பெண். "வட்டி ஏறினப்பல்லாம் தவணையை ஏத்தாம மாசத்தை நீட்டியிருக்கு. தாள்லயே போட்டிருக்கே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நகராமல் உட்கார்ந்து கணக்கு முழுவதையும் கேட்டுப் புரிந்துகொண்டார். மாசா மாசம் தவணையோடு இன்னொரு பாதித் தவணையும் கூட்டிக் கட்டினால் நாலே வருஷம். வட்டியும் நிறைய மிச்சம். உடனே கையெழுத்துப் போட்டார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கடன் முடிந்ததும் நின்றுவிடுவதாக இருந்தாள்.

"எப்ப முடியுதாம்?"

"நாலு வருஷம். தப்பு என்னுதுதான்."

அவள் கரித்துணிக்கென்று ஒதுக்கியிருந்த பழைய சீருடையை எடுத்து உதறி, கிழிசலைத் தைக்க ஊசியில் நூல் கோத்தாள்.