இடிக்க விடாத தொடர்மாடி

மின்வெட்டு நீண்டுபோன அந்த வருடத்தில், ஒரு பகல் இரண்டு மணிக்கு, என் கணவர் எங்கள் சமையலறை வாசலில் மயங்கி விழுந்தார். எங்களுடையது ஆக மேலே இருந்த வீடு. தலைக்கு மேல் கொங்கிரீட் கூரை, அதற்கு மேல் வெயில். ஏசி நின்று ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து, பேப்பரால் விசிறினேன். கண் திறந்ததும் அவர் முதலில் கேட்டது, "கரண்ட் வந்திட்டுதே?"

அந்தக் கேள்வி எனக்கு அவமானமாக இருந்தது. நான் முப்பது வருடம் கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவள். அங்கே காலி வீதி என்ற பெரிய சாலையில் வெயிலில் மின்னும் கண்ணாடிச் சுவர்கள் சிலவற்றுக்கு நானே கோடு போட்டிருக்கிறேன். ஏசி நின்றால் உள்ளே இருக்க முடியாத கட்டடங்கள் அவை. நான் குடியிருந்த வீடும் அப்படி ஆகிவிட்டதைத்தான் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி கட்டும்போது அப்படி இருக்கவில்லை. நான்கு தட்டு, எட்டு வீடு. நடுவில் கீழிருந்து மேல்வரை கிணறு மாதிரி ஒரு காற்றுவழி. கடற்காற்று முன் ஜன்னல்களால் வந்து, வீட்டுச் சூட்டை அந்தக் கிணற்றால் மேலே கொண்டுபோகட்டும் என்று யாரோ யோசித்துக் கட்டியிருந்தார்கள். காகம் அசுத்தம் செய்கிறது என்று பிறகு அதன் மேல்வாயைத் தகரத்தால் மூடினோம். ஏசி பூட்டியபோது கதவுகளுக்கு மேலிருந்த துளைகளைச் சீமெந்தால் அடைத்தோம். எங்கள் வீட்டுத் துளைகளை அடைக்கச் சொன்னவள் நான்தான்.

அவர் விழுந்து சில வாரங்களில் கட்டட முதலாளி ஒருவர் ஆள் அனுப்பினார். இதை இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி கட்டித் தருவாராம், எல்லோருக்கும் புது வீடாம். கூட்டம், நாங்கள் நானா என்று கூப்பிடும் கீழ்வீட்டு முஸ்லிம் பெரியவரின் ஹோலில் நடந்தது. கொட்டாஞ்சேனையில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். என்னைவிட மூத்தவர், எல்லோரும் அவர் சொல்லைக் கேட்பார்கள்.

"பழைய கட்டடம் தங்கச்சி. கம்பி எல்லாம் துருப்புடிச்சிரிக்கி. இத வெச்சி என்ன செய்யிற?" என்றார்.

"நானா, இந்தச் சீமெந்தும் கம்பியும் செய்யேக்க எழும்பின புகை எப்பவோ வானத்துக்குப் போயிட்டுது. இடிச்சுப் புதுசு கட்டினா அவ்வளவையும் திரும்ப எரிக்கவேணும். பிறகு பன்னிரண்டு மாடிக்கும் ஏசி போடவேணும். முதல்ல இதைத் திருத்திப் பாப்பம். எனக்கு ஒரு வருசம் தாங்கோ."

யாரோ சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. முடிவு எடுக்காமலே கூட்டம் கலைந்தது. படியேறும்போது கணவர் கேட்டார், "நீர் தனிய என்ன செய்யப்போறீர்?"

"கூரையில தொடங்கப்போறன்."

முதலில், என்னோடு வேலை செய்த பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூண்களைத் தட்டிப் பார்த்தார், பல்கனிகளைச் சுரண்டிப் பார்த்தார். துரு கடற்பக்கத்துப் பல்கனிகளில் மட்டும்தான், அதைச் செதுக்கிப் பூசினால் போதும், தூண்கள் உறுதி என்று எழுதித் தந்தார். அந்தத் தாளைப் பிரதி எடுத்து மற்ற ஏழு வீட்டுக் கதவுக்கடியிலும் தள்ளிவிட்டேன்.

பிறகு ஒரு மேசனைப் பிடித்துக் கூரை வெடிப்புகளை அடைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். முதல் பூச்சை அன்று பின்னேரமே மழை கழுவிக்கொண்டு போயிற்று. மேசன் தலையில் கை வைத்தார். நான் நாலு நாள் வானத்தைப் பார்த்திருந்து, சேலையை இழுத்துச் செருகி, நானும் ஒரு பிரஷ் எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். ஒரு கிழமைக்குள் வித்தியாசம் தெரிந்தது. மத்தியானத்தில் என் கணவர் அறைக்குள்ளேயே படுத்து நித்திரை கொண்டார். மற்ற வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எங்கள் அறைக்குள் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது காற்றுவழி. மேலே தகரத்தைக் கழற்றவும், கதவுகளுக்கு மேல் அடைத்த துளைகளைத் திரும்பத் திறக்கவும் ஏழு வீடு சம்மதித்தது. நானா மாட்டேன் என்றார். கிணற்றின் அடியைப் பலகையால் அடைத்துக் கடைச் சாமான் வைக்கும் அறையாக்கியிருந்தார். அடியில் காற்று நுழையாவிட்டால் மேலே திறந்து பயனில்லை. மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்றாம் முறை, பெட்டிகளை ஒரு பக்கம் உயரத் தட்டில் அடுக்கி, பலகைக்குப் பதில் கம்பிக் கதவு போட்டால் எப்படி இருக்கும் என்று வரைந்து கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிரிக்கீங்க" என்று திருப்பித் தந்துவிட்டார். அன்று எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அந்தத் தாளை அவருடைய வாசல் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு நாள் தண்ணீர்த் தாங்கி வழிகிறது என்று நானா உச்சி வெயிலில் மொட்டைமாடிக்கு ஓடிவந்தார். அவசரத்தில் செருப்புப் போடவில்லை. குழாயைப் பூட்டிவிட்டு அப்படியே நின்றார்.

"தங்கச்சி, கால் சுடல்லயே!"

"வீட்டுக்குள்ளயும் வந்து பாருங்கோ நானா."

வந்து, என் கணவருக்கு எதிரே ஃபான் போடாமல் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். மறுநாள் காலையில் கீழே பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், என் தாளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, அவரே சாமானை அடுக்கிக்கொண்டிருந்தார்.

காகத்துக்கு வலை போட்டுத் தகரத்தைக் கழற்றிய அன்று, நானாவின் மனைவி கிணற்றடியில் சாம்பிராணி போட்டார். நாங்கள் எல்லோரும் மேலே காத்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் புகை நேராக ஏறி எங்கள் முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே கை தட்டினோம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு வீட்டில் இன்னும் நாள் முழுதும் ஏசி ஓடுகிறது. மேற்கு ஜன்னல்களுக்கு நிழல் தட்டு இன்னும் போடவேண்டும். ஆனால் கட்டட முதலாளிக்கு முடியாது என்று எழுதிய கடிதத்தில் எட்டில் ஆறு கையெழுத்து விழுந்தது. நானாதான் முதலில் போட்டார். நேற்றுக் கிருலப்பனையில் இருந்து ஒரு பெண் எங்கள் கதையைக் கேள்விப்பட்டு போனில் கூப்பிட்டார், அவர்களுடையதும் பழைய தொடர்மாடிதானாம், இடிக்கக் கேட்கிறார்களாம். சனிக்கிழமை வருகிறேன், அதுவரை ஒன்றிலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.