கடைசி நான்கு தாள்கள்

என் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சின்ன விசயம்தானே என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவர்களுடைய புத்தகத்தையா கிழித்தார்?

பதினொரு வயதில் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு சாகச நாவல் எடுத்து வந்தேன். முன்னட்டை இல்லாத புத்தகம், பெயர்கூடத் தெரியாது. இரண்டு பிள்ளைகள் குகைக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். தண்ணீர் கழுத்துவரை ஏறிவிட்டது. மேலே யாரோ நடக்கும் சத்தம். அந்த இடத்தில் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது கடைசி நான்கு தாள்களும் அண்ணனின் பட்டமாகி வாவிக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. நூல் அறுந்து அது தண்ணீரில் விழுந்ததையும் நின்று பார்த்தேன்.

அழுதுகொண்டு கேட்டதற்கு அண்ணன் சொன்னது இதுதான்: “முடிவு எனக்குத் தெரியும். சொல்லமாட்டன்.” என் கல்யாணத்தன்றும் கேட்டேன். அதே பதில், அதே இளிப்பு. மேலே நடந்தவர் நல்லவரா கெட்டவரா என்று தெரியாமலே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

போன வருடம் நானும் சிறுவர்களுக்கு ஒரு சாகச நாவல் எழுதினேன். மாரி மழையில் வாவி ஏறுகிறது. வெள்ளம் கடலுக்கு ஓட, மணல் மூடிய முகத்துவாரம் இன்னும் வெட்டப்படவில்லை. நடுத்திட்டில் இரண்டு பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டுத் தோணியோடு ஓடும் திருடனுக்கு அண்ணனின் ஓட்டைப் பல்லையும், தோளில் மூக்கைத் துடைக்கும் பழக்கத்தையும் கொடுத்தேன். எழுத எழுத மனசு குளிர்ந்தது. ஆனால் போதவில்லை. அண்ணன் புத்தகம் தொடாதவர், அவருக்கு உறைக்காது.

அவருடைய மகள் படிப்பாள். அவளுக்கும் பதினொரு வயது. அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டைப் பிரித்ததும் முதல் பிரதியை எடுத்து, ‘அன்பு மருமகளுக்கு’ என்று எழுதினேன். பிறகு பிளேடால் கடைசி நான்கு தாள்களை வெட்டி எடுத்துவிட்டு, அண்ணனின் ஊரான மாங்கேணிக்கு அனுப்பினேன். மற்றப் பிரதிகள் எல்லாம் குருக்கள்மடத்தில் என் வீட்டு அலுமாரிக்குள் இருந்தன. பிள்ளை என்ன பாவம் செய்தாள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான்.

நாலைந்து நாளில் அண்ணன் போனில் கோல் எடுத்தார்.

“என்ன கா தங்கச்சி இது? கடைசிப் பக்கங்களக் காணல்ல. புள்ள சோறு தின்னுறாளில்ல, என்னப் போட்டு அரிக்கிறாள்.”

“பட்டத்தில ஒட்டின தாளில என்ன எழுதிக் கிடந்த எண்டு சொல்லுங்க அண்ணன். உடன அனுப்புறன்.”



“அத நான் வாசிக்கவே இல்ல கா. உன்னக் கோவப்படுத்தத்தான் அப்பிடிச் சொன்னன்.”

தெரிந்துகொண்டு மறைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். “அப்ப உங்கட மகளுக்கும் தெரிய வேணாம்” என்று போனை வைத்தேன். அன்று ஊதி ஊதிக் குடித்த தேத்தண்ணி இனித்தது.

இரண்டு கிழமை கழித்து மருமகளின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று தபாலில் வந்தது. என் நாவலுக்கு அவளே முடிவு எழுதியிருந்தாள். திருடன் மனம் மாறித் தோணியைத் திருப்பிக்கொண்டு வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகிறான். நான் எழுதாத ஒரு பெண்ணும் அதில் வந்தாள். கண்ணாடி போட்டவள், தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பவள். பிள்ளைகள் தப்பும் வழி வரைந்த தாளை வெட்டி ஒளித்து வைத்தது அவள்தானாம். இப்போது திட்டில் தனியாக நிற்கிறாள். தண்ணீர் இடுப்புக்கு வந்து, நெஞ்சுக்கு வந்து, கழுத்துக்கு வருகிறது. இருட்டுக்குள் துடுப்புச் சத்தம் கேட்கிறது.

தாளைப் புரட்டினேன். அடுத்த தாள் இல்லை. தையலோரம் பிளேடால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

கோல் எடுத்தேன். மருமகள்தான் பேசினாள்.

“முடிவு எனக்குத் தெரியும் மாமி. நீங்க உங்கட தாளக் கொண்டு வாங்க, நானும் தாறன்.”

தகப்பனைப்போல இவள் பொய் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. நான்கு தாள்களையும் பைக்குள் வைத்துக்கொண்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய் நின்றேன்.