மனு அறையில் திருப்பிக் கொடுத்த மாத்திரை

எங்கள் சிறையில் மனு அறை டூட்டியை லேசான டூட்டி என்பார்கள். கைதிகளைப் பார்க்க வரும் உறவினர்களிடம் மனுவை வாங்க வேண்டும், பையைச் சோதிக்க வேண்டும், பழத்தையும் பிஸ்கட்டையும் உள்ளே விட்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த லேசான டூட்டியில்தான் நான் ஒரு ஆளைச் சாகவிட்டேன். புதிதாகக் காவலர் வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

எழுமலைப் பக்கமிருந்து பஞ்சவர்ணம் என்ற பெண் வந்திருந்தார். வரப்புத் தகராறில் ரிமாண்ட் ஆகி இரண்டு நாளாக உள்ளே இருந்த முத்தையாவின் மனைவி. பையில் வாழைப்பழத்துக்கு அடியில் மாத்திரை அட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தன. வெளி மாத்திரை உள்ளே போகாது என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "வலிப்பு மாத்திரைங்கய்யா. ஒருநா கூட விடக் கூடாதுன்னு சொல்லிருக்காக. அந்த மனுசன் வெக்கப்பட்டுக்கிட்டு வாயத் தொறக்க மாட்டாரு."

"உள்ள டாக்டர் இருக்காரும்மா. அவரு பாத்துக்குவாரு," என்று அட்டையையும் சீட்டையும் அவர் கையிலேயே திணித்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

வெளி மாத்திரையைத் தடுப்பது விதிதான். தடுத்த வைத்தியத்தைச் சிறையே கொடுத்தாக வேண்டும் என்பதும் விதிதான். அந்தச் சீட்டை வாங்கிச் சிறை டாக்டரிடம் சேர்த்திருக்க வேண்டும். பாதி விதியோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். முத்தையாவோ உள்ளே வந்த அன்று, பத்துப் பேர் நின்ற வரிசையில் டாக்டர் கேட்டதற்கு, தனக்கு ஒரு நோயும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

பஞ்சவர்ணம் வந்துபோன அடுத்த நாள் காலை, குளிக்கும்போது வலிப்பு வந்து, தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் தலை மோதி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் உயிர் போய்விட்டது.

மாஜிஸ்ட்ரேட் விசாரணையில் விதியை மனப்பாடமாக ஒப்பித்தேன். சீட்டை டாக்டருக்கு அனுப்பினீர்களா என்று மட்டும் அவர் கேட்டார். இல்லை என்றேன். பிறகு பஞ்சவர்ணத்திடம், வேறு அதிகாரி யாரையும் பார்க்காமல் ஏன் திரும்பிப் போனீர்கள் என்று கேட்டார்.

அவர் என்னைக் கைகாட்டினார். முகத்தில் கோபம்கூட இல்லை.

"டாக்டர் பாத்துக்குவாருன்னு இந்த ஐயாதேன் சொன்னாக. நம்பிப் போனேன்."

தண்டனை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அது எனக்குப் போதாது என்று இன்றும் நினைக்கிறேன். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று யாரிடமாவது நீங்கள் சொன்னால், உடனே எழுந்து போய் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் மனு அறையிலிருந்து டாக்டர் அறைக்கு அறுபது காலடிதான். விசாரணை முடிந்த அன்று நடந்து பார்த்தேன்.