அட்மின் என்றொரு ஆள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று பெரம்பலூரில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். பெரிய சர்வர்களுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. சர்வரை அணைத்தாலும், கரண்ட் வயரைப் பிடுங்காதவரை அது தூங்காது. எங்கோ உட்கார்ந்துகொண்டு பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் சர்வரை எழுப்பிவிடலாம். அந்தப் பக்கத்தை ஓட்டுகிற சின்ன வெப் சர்வரைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனி பெங்களூரில், நான் எங்கள் வீட்டு மாடி அறையில்.

ஒரே ஒரு விஷயத்துக்காக அங்கே மல்லுக்கட்டினேன். சர்வர் வரும்போதே ‘அட்மின்’ என்றொரு பெயர் அதில் இருக்கும். எல்லாரும் அதிலேயே நுழைவார்கள், யார் என்ன செய்தார்கள் என்று பதிவில் தெரியாது. ஆளுக்கொரு பெயர் உண்டாக்கினால்தான் பொத்தான் வேலை செய்யும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள், சிரமப்படுத்த வேண்டாம் என்று மேலதிகாரி கிடப்பில் போட்டார். திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகிறேன் என்று விசாரித்தார். ஆண்கள் கேட்டால் அக்கறை, நான் கேட்டால் டென்ஷன்.

என் தம்பி அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் ஆள். லாரிகளின் எடைக் கணக்கு ஓடுகிற சர்வரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அதை எழுப்புகிற பக்கமும் எங்கள் கம்பெனியுடையதுதான். ஆயுத பூஜை அன்று எடைமேடையையும் சர்வரையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. தம்பி முறையாக அணைத்தான். ஆலை மேலாளரே தன் கையால் சர்வருக்கு மாலை போட்டு, காற்று போகிற முகப்பு முழுக்க மறையும்படி பட்டுத் துண்டு போர்த்தினார்.

அன்று சாயங்காலம் யாரோ பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்திவிட்டார்கள். துண்டுக்குள் விடிய விடிய வெந்து, டிஸ்க்குகள் போய்விட்டன. மறுநாள் லாரிகள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை நின்றன.

யார் அழுத்தியது என்று பார்த்தால், பதிவில் அட்மின். அலுவலக ஆட்கள் எல்லாரும் ஒரே இணைப்பு வழியாக வருவதால் எந்த ஊரிலிருந்து என்றும் தெரியவில்லை. பூஜைக்கு லீவு விடாதது ஆலையின் சென்னை ஆபீஸ் மட்டும்தான், அங்கேயும் அதே பாஸ்வேர்ட்தான். தம்பியோ அந்த நேரம் என் கண்ணெதிரே உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தான். ஆனால் அட்மின் பாஸ்வேர்ட் தெரிந்தவர்களில் பரிந்து பேச ஆளில்லாத ஆள் அவன்தான். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அவனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாளே அவனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சிமெண்ட் லாரிகளின் பின்னால் பஸ் ஊர்ந்த ஊர்தலில் கோபம் இரண்டு மடங்கானது.

மேலாளர் காபி வரவழைத்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லி, அவனுடைய பாஸ்வேர்டும் சென்னையில் இருப்பவர்களின் பாஸ்வேர்டும் ஒன்றுதான், பதிவை வைத்து யார் மேலும் பழி போட முடியாது என்று விளக்கினேன். துண்டைப் போர்த்தியது யார் என்றும் கேட்டேன். காபி டம்ளரை என் கையில் கொடுத்தார்.

“நீங்க சொல்றது புரியுதுங்க. சென்னையில யாரோதான் போட்டிருக்கணும். ஆனா மேலிடத்துக்கு நான் ஒரு பேரை எழுதி அனுப்பணும்ல? அட்மின்னு எழுத முடியுமா?”

அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்கிறார். டம்ளரை மேஜை மேல் வைத்த வேகத்தில் காபி சிந்தியது. எழுந்தேன்.

“ஒரு நிமிஷம்ங்க,” என்றார். “போறதுக்கு முன்னாடி அந்த பாஸ்வேர்டை மாத்திக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இங்க வேற யாருக்கும் மாத்தத் தெரியாது.”

செய்யாதே என்றேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை. சம்பள பாக்கியும் அனுபவச் சான்றிதழும் அவர் கையில் இருந்தன. உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான். மேலாளர் நன்றி சொல்லிவிட்டு, புதிய பாஸ்வேர்டை அங்கேயே, என் முன்னாலேயே, ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டார்.