விசில் ஊதி வாங்கிய பேச்சு

மண்டபம் நிறைந்த கூட்டம் "குருடா" என்று கத்தும்போது முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். கூடைப்பந்து நடுவருக்கு அதுதான் முதல் தகுதி, மற்றதெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நீங்களும் விசா கவுண்டரிலோ, பள்ளிக்கூட வாசலிலோ, பஸ் கதவிலோ நின்று மனிசருக்கு "இல்லை" சொல்லுகிற வேலை பார்த்தவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். நாமெல்லாம் ஒரே வாங்கு, ஒரே பெஞ்சு.

தொண்ணூறுகளில் ஆக்லாந்தில் ஐந்தாறு வருஷம் நான் இந்த வேலை பார்த்தேன். வார நாட்களில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. வார இறுதியில், சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் லீக்கில் விசில். வந்த புதிதில், "யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் ஆடியவன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு கிளப்பில் போய் நின்றேன். அங்கிருந்த பெண்மணி என் ஐந்தடி நாலங்குலத்தை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார். பார்த்து முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கையில் ஒரு விசிலைத் தந்தார்.

அந்த உயரம்தான் பிறகு கைகொடுத்தது. மற்ற நடுவர்களின் கண்ணுக்கு நேரே ஆட்டக்காரரின் தோள் இருக்கும். என் கண் அவர்களுடைய கால்களுக்குக் கிட்ட. அதனால் 'டிராவல்' பிடிப்பதில் பேர் எடுத்தேன். தெரியாதவர்களுக்கு: பந்தைக் கையில் பிடித்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மற்றக் காலை எப்படியும் திருப்பலாம். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் போகிறார் என்றால், ஊன்றிய கால் எழும்ப முதல் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். கால் முந்தினால் டிராவல். நடுவர் விசில் ஊதி, இரண்டு முஷ்டிகளையும் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டிக் காட்டுவார். இவ்வளவுதான் சட்டம். இதற்காக நான் வாங்கிய பேச்சில் சிலதைக் கீழே தருகிறேன். ஆங்கிலத்தில் விழுந்ததைப் பெரும்பாலும் என் தமிழில் எழுதியிருக்கிறேன். அச்சில் ஏறாத சொற்களைக் கழித்துவிட்டேன்.

எங்கட ஆக்கள்

லீக்கில் என் முதல் ஆட்டம். நான் நடுவராகப் போகிறேன் என்று மனைவி பவானிக்குச் சொன்னேன். பவானி ஹில்ஸ்பரோவில் ஒரு தமிழ் வீட்டுக்குச் சொன்னாள். அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது நான் நடுவராக இல்லை, ஆட்டக்காரனாகிவிட்டேன். சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்துக்குள் நுழைந்தால், மூன்றாம் வரிசையில் இருபது தமிழர். பிளாஸ்கில் தேத்தண்ணி, ஐஸ்கிரீம் டப்பா நிறைய மட்டன் ரோல்ஸ். குழந்தைகள் கையில் என் பேர் எழுதிய மட்டை.

நான் பந்து போடவில்லை என்பதை அவர்கள் ஐந்து நிமிஷத்தில் கண்டுகொண்டார்கள். ஆனால் வந்த அலுவலை விடவில்லை. நான் விசில் ஊதும்போதெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். டிராவலுக்குக் கையை உருட்டினால் விசிலடித்தார்கள். மற்றப் பக்கம் ஆயிரம் பேர் என்னைத் திட்ட, இந்தப் பக்கம் ஒரு மாமி "இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்று கத்தினார். என்னோடு நடுவராக நின்றவர் கிரகாம், ஆறடி மூன்றங்குல வெள்ளைக்காரர், வார நாளில் தபால் கொடுக்கிறவர். இடைவேளையில் என் காதுக்குக் குனிந்து சொன்னார்:

"இருபது வருஷத்தில நடுவருக்குக் கைதட்டிக் கேட்டது இதுதான் முதல் தரம். தயவுசெய்து அவையளை வீட்டுக்கு அனுப்பு, எனக்குப் பயமாயிருக்கு."

டெரன்ஸுக்குப் படிப்பித்தது

ஒவ்வொரு அணியும் வருஷத்துக்கு இரண்டு பேரை அமெரிக்காவிலிருந்து இறக்கும். அப்படி எங்கள் ஊர் அணிக்கு வந்தவன் டெரன்ஸ். ஆறடி எட்டங்குலம். பந்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தோளை ஆட்டுவான், எதிரி அந்தப் பக்கம் சாய்வான், இவன் மற்றப் பக்கத்தால் போய்விடுவான். பார்க்க வடிவுதான். ஆனால் ஒவ்வொரு தரமும் ஊன்றிய கால் பந்துக்கு முந்திவிடும். அவன் ஊரில் அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லையாம். முதல் ஆட்டத்தில் ஐந்து தரம் ஊதினேன். ஐந்தாம் தரம் அவன் பந்தைத் தரையில் வைத்து, அதைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான்.

ஆட்டம் முடிந்து கூட்டம் போன பிறகு என்னிடம் வந்தான். கோபம் இல்லை. அழுகிற மாதிரி இருந்தான். "வருஷம் முழுக்க இப்பிடியே ஊதினா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம். என்ன செய்யிறன் எண்டு காட்டு" என்றான். வெற்று மண்டபத்தில் நானும் அவனும். விதிப்புத்தகத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பந்தை நான் வாங்கினேன். "முதல்ல பந்து, பிறகு கால். பார்" என்று சொல்லி, தோளை ஒரு ஆட்டு ஆட்டினேன். தோள் ஒரு பக்கம் போனது, மிச்ச உடம்பு மற்றப் பக்கம் போனது. பந்தைக் கட்டிப்பிடித்தபடி மல்லாக்க விழுந்தேன். டெரன்ஸ் பதறி ஓடி வந்து கையை நீட்டினான். பிறகு நின்றான். புத்தகத்தைப் புரட்டினான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"எழும்பாதே ரெஃப். விழுந்தது பிழையில்லையாம், பந்தோட எழும்பினாத்தான் டிராவலாம்."

பாரியின் பார்வை

டெரன்ஸின் பயிற்சியாளர் பாரி. இவருடைய பயிற்சி பெரும்பாலும் எனக்குத்தான். "கண்ணாடி போடு! கண்ணாடி வாங்கிப் போடு!" என்று வாங்கிலிருந்து நாற்பது நிமிஷமும் கத்துவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் கடைக்குள் வந்தார். உள்ளே கண் பரிசோதகர் பார்த்து எழுதிக் கொடுத்த துண்டோடு, பிரேம் பொருத்த என் முன்னால் வந்து இருந்தார். நான் டை கட்டியிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. துண்டைப் பார்த்தேன். தூரப் பார்வை மோசம். அந்தக் கண்ணுக்கு, அவர் இருக்கிற வாங்கிலிருந்து எதிர்க் கூடைக்குக் கீழே நிற்கிற கால், கால் மாதிரியே தெரிந்திருக்காது. முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரத்தில் குனிந்து அவர் காதுக்குப் பின்னால் பிரேமை வளைத்துக்கொண்டிருந்தேன். "உன்னை எங்கேயோ கண்டிருக்கிறன்" என்றார். "சனிக்கிழமையில" என்றேன். மற்றக் காதுக்குப் பின்னாலும் வளைத்து முடித்தேன். சிரிக்கவில்லை. எங்கள் கடையில் அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

அடுத்த சனிக்கிழமை, நான் தெரிவு செய்து கொடுத்த பிரேமோடு பாரி வந்திருந்தார். எடுப்பாக இருந்தது. என் மனதில் ஒரு நிம்மதி. இனி மனுசனுக்குக் கால் தெரியும், வாய் மூடும். முதல் டிராவலுக்கு ஊதினேன். பாரி வாங்கில் ஏறி நின்றார்:

"இப்ப எல்லாம் வடிவாத் தெரியுது! நீ நான் நினைச்சதை விட மோசம்!"

கேக் வெட்ட முதல்

என் ஆட்டம் ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. அதை வீடியோவில் பதிந்து வைத்தவர் சேகரன், ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர், எஞ்சினியர். அவருடைய மகள் மீனாவின் ஆறாவது பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது பாதியில ஒரு டிராவல் ஊதுனீங்க. அது டிராவலே இல்ல. டேப் இருக்கு, வாங்க" என்றார். "பிள்ளைக்குக் கேக்கை வெட்டிப்போட்டுப் பாப்பமே" என்றேன். "அஞ்சு நிமிஷம் லா."

முக்கால் மணித்தியாலம் ஓடியது. நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி நிறுத்தி. நிறுத்தினால் படத்தில் கோடு விழும். கோடு சரியாக அந்தக் காலுக்கு மேலே விழும். சென்னைக்காரர் ஒருவர், கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர், "கால்ல பட்டுச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சேகரன் வாக்கெடுப்பு வைத்தார். டிராவல் இல்லை என்று பதினெட்டுக் கை. அதில் ஒன்றில் நான் வாங்கிக் கொடுத்த வளையல் கிடந்தது.

"பவானி, நீருமோ?" என்றேன்.

"வீட்டில பிழை விடுற மனுசன் அங்க மட்டும் சரியாச் செய்வாரோ எண்டு யோசிச்சனப்பா."

அப்போதுதான் தொலைக்காட்சிக்கு முன்னால் காகிதக் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்த மீனா திரும்பினாள். நாங்கள் பார்த்த அத்தனை தரமும் அவளும் பார்த்திருக்கிறாள், எங்களை விடக் கிட்ட இருந்து.

"டாட், ஹி மூவ்ட் ஹிஸ் ஃபுட். கேன் வி கட் த கேக் நவ்?"

தும்மல்

ஒரே ஒரு டிராவலுக்கு மட்டும் எனக்கு ஒரு பேச்சும் விழவில்லை. அன்று எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. விசில் வாயில் இருக்கும்போதே தும்மிவிட்டேன். மண்டபம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பத்துப் பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லாருடைய கண்ணும் என் மேல். ஊதியவன் எதற்கு ஊதினான் என்று காட்ட வேண்டுமே? பழக்க தோஷத்தில் கை தானாக உருண்டது.

பந்து வைத்திருந்தவன் உள்ளூர்ப் பெடியன், கழுத்தே இல்லாத உடம்பு, சும்மா நிற்கும்போதே என்னோடு சண்டை பிடிக்கிறவன். நான் ஒரு அடி பின்னால் வைத்துக்கொண்டேன். அவன் தலை குனிந்தபடி வந்து பந்தை என் கையில் தந்தான்.

"மன்னிச்சுக்கொள் ரெஃப். எனக்கே தெரிஞ்சுது."

நாலு விநாடி

கடைசியாக அரையிறுதி. ஞாயிறு மத்தியானம், சொந்த மண்டபம், நிற்க இடமில்லை. எங்கள் ஊர் அணி ஒரு புள்ளி பின்னால். நாலு விநாடி மிச்சம். மேலே ஒரு மூலையில் மதிப்பீட்டாளர் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார். இறுதி ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று தீர்மானிக்கிறவர். பந்து டெரன்ஸின் கையில். அந்த முதல் ஆட்டத்துக்குப் பிறகு அவன் கால் ஒழுங்காகிக்கொண்டே வந்தது. நாலைந்து ஆட்டமாக நான் அவனுக்கு ஊதியதே இல்லை. தோளை ஆட்டினான். எதிரி சாய்ந்தான். டெரன்ஸ் போய்ப் பந்தைக் கூடைக்குள் திணித்தான். கூரை பறக்கிற சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு முதலே என் விசில் ஊதியாகிவிட்டது. ஊதவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கண் காலைக் கண்டது, வாய் ஊதியது. கை உருண்டது. பிறகு ஒரு 'மீட் பை', இறைச்சியும் கிரேவியும் அடைத்த பேஸ்ட்ரி, பறந்து வந்து என் பிடரியில் விழுந்தது. நல்ல சூடு. மிச்சமிருந்த நேரத்தை முதுகில் கிரேவி வழிய வழிய நடத்தி முடித்தேன். எங்கள் ஊர் தோற்றது.

உடுப்பு மாற்றும் அறைக்குள் என்னைத் தள்ளி, கிரகாம் தரை கூட்டுகிற தும்புத்தடியோடு கதவுக்குக் காவல் நின்றார். முதலில் மதிப்பீட்டாளர் வந்தார். "கால் சரி. கொலர் அழுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இறுதி ஆட்டம் எனக்குத்தான் என்பது அப்படித்தான் தெரிந்தது. பிறகு இன்னொரு தட்டல். கிரகாம் தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு திறந்தார். டெரன்ஸ் வாசலுக்குக் குனிந்து உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது. நான் எழுந்து நின்றேன்; நின்றும் அவன் நெஞ்சுதான் தெரிந்தது.

"உண்மையைச் சொல். எந்தக் கால்?"

"இடது."

அவன் பந்தில்லாமலே அறை நடுவில் நின்று தோளை ஆட்டினான். திரும்பினான். ஓரடி வைத்தான். மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தரம் பாதியில் நின்று தன் இடது காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என் பிடரியிலிருந்து ஒரு துண்டு பேஸ்ட்ரியை எடுத்துக் குப்பைக் கூடைக்குள் போட்டான்.

"நீ ஊதினது சரி. ஆனா வெளியில ஆராவது கேட்டா, நீ குருடன் எண்டுதான் சொல்லுவன்."

ஐந்தாறு வருஷம் விசில் ஊதி நான் கண்டது, சட்டத்தை விரும்பாத மனிசர் உலகத்தில் ஒருவருமே இல்லை, அது மற்றவனுடைய காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும்.